மறு: டிஃபால்ட் – 'இயல்புநிலை'யை ஏன் விட வேண்டும்

வணக்கம் நண்பர்களே,

மென்பொருளில் வரும் 'டிஃபால்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'இயல்புநிலை' என்று தமிழாக்கம் செய்துவருகிறோம். அதை மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. இந்த இழையில் நீங்கள் எழுப்பிய கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

> 'இயல்புநிலை' எல்லார் போனிலும் பழகிவிட்டது. இனி மாற்றினால் குழப்பம்தான் மிஞ்சும்.

பழகிவிட்டது என்பது சரிதான். ஆண்ட்ராய்டு அமைப்புகளைத் திறந்தாலே அந்தச் சொல் கண்ணில் படுகிறது. ஆனால் நாம் கைவைப்பதற்கு முன்பே அதற்குத் தமிழில் வேறு வேலை இருந்தது. புயல் ஓய்ந்து பஸ் ஓடத் தொடங்கினால் 'கடலூரில் இயல்புநிலை திரும்பியது' என்று செய்தி போடுவார்கள். அது நார்மல். வேர்டில் பத்திகளுக்கான அடிப்படைப் பாணியின் பெயர் 'நார்மல்'; அதுபோன்ற இன்னொரு மென்பொருளான லிப்ரெஓபிஸில் அதே இடத்தில் இருப்பது 'டிஃபால்ட்'. இரண்டுக்கும் உதவிக் குறிப்பு எழுத உட்கார்ந்து பாருங்கள், எங்கே இடிக்கிறது என்று தெரியும்.

இதைவிட மோசமானது கடன் பக்கம். தானியங்கி மொழிபெயர்ப்பில் வரும் பக்கங்களில் 'கடன் இயல்புநிலை' என்று பார்த்திருப்பீர்கள். தவணை கட்டாமல் விட்ட கடனைத்தான் சொல்கிறார்கள். படிப்பவருக்கோ கடன் நல்லபடியாகப் போய்க்கொண்டிருப்பதாகத் தோன்றும்.

என்னுடைய பெரிய மறுப்பு இதுகூட இல்லை. 'இயல்பு' என்றால் தானாக அமைந்தது. மென்பொருளில் எந்த டிஃபால்ட்டும் தானாக அமைவதில்லை, யாரோ ஒருவர் முடிவு செய்து வைக்கிறார். ஐபோனின் சஃபாரி உலாவியில் தேடுபொறி கூகுள் என்று இருப்பது இயல்பா? அந்த இடத்துக்காக கூகுள் 2022இல் மட்டும் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் கொடுத்தது அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்தது. அதற்கு 'இயல்புநிலைத் தேடுபொறி' என்று பெயர் வைப்பது, நாமே அவர்களுக்கு இலவசமாக விளம்பரம் எழுதிக் கொடுப்பது மாதிரி.

> சரி ஐயா, அப்படியானால் பொருள்தான் என்ன? முதலில் அதைச் சொல்லுங்கள், பிறகு சொல் தேடலாம்.

நியாயமான கேள்வி. டீக்கடையில் 'ஒரு டீ' என்றால் பாலும் சர்க்கரையும் போட்டுத்தான் வரும். வேண்டாதவர்தான் 'வித்தவுட்' என்று குரல் கொடுக்க வேண்டும். நாம் வாய் திறக்காதபோது எது செல்லுபடியாகிறதோ அதுதான் டிஃபால்ட்.

பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த இந்தச் சொல்லுக்கு முதலில் 'குறை, தவறுகை' என்றுதான் பொருள். நீதிமன்றத்தில் அது இன்னும் பச்சையாக இருக்கிறது. வாய்தாவுக்கு வாதி வரவில்லை என்றால் வழக்கு தள்ளுபடியாகலாம். பிரதிவாதி வரவில்லை என்றால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகலாம். சதுரங்கப் போட்டிகளில் 'டிஃபால்ட் நேரம்' ஒன்றை முன்கூட்டியே அறிவிப்பார்கள். அது கடந்து பலகைக்கு வருபவர், நடுவர் விலக்கு அளித்தாலன்றி, காய் நகர்த்தாமலே தோற்றவர். செய்ய வேண்டியதைச் செய்யாமை ஒன்று, செய்யாததால் தானே நடந்தேறுவது இன்னொன்று. கடன்காரருக்கு முதல் பொருள், கணினிக்கு இரண்டாவது. முதல் பொருளுக்கு நம்மிடம் சொல் தட்டுப்பாடே இல்லை: தவணை தவறியவர், கடன் தவறியவர். 2022 ஏப்ரல் 12ஆம் தேதி இலங்கை வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அறிவித்த பிறகு, அங்குள்ள தமிழ் ஏடுகள் 'வங்குரோத்து' என்றே எழுதின. கறாராகப் பார்த்தால் அது திவால், டிஃபால்ட் அல்ல. ஆனாலும் யாருக்கும் பொருள் புரியாமல் போகவில்லை.

> ஆங்கிலத்தில் ஒரு சொல் என்றால் தமிழிலும் ஒன்றுதான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சொற்பட்டியலை யார் பராமரிப்பது?

இந்த விதியை நாம் எப்போதோ மீறிவிட்டோம். விசைப்பலகையில் இருப்பது விசை; தகவலைப் பூட்டி வைக்கும் மறையாக்கத்தில் அதையே திறவுகோல் என்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டும் 'கீ'தான். அதனால் பட்டியல் ஒன்றும் கவிழவில்லை.

கணினிக்குள்ளேயே டிஃபால்ட் இரண்டாகப் பிரிவதைத்தான் இந்த இழையில் யாரும் இன்னும் தொடவில்லை. பைத்தான் நிரல்மொழியில் ஒரு செயற்கூற்றின் (ஃபங்ஷன்) உள்ளீட்டுக்கு முன்பே ஒரு மதிப்பு கொடுத்து வைக்கிறோம். அழைப்பவர் எதுவும் தராவிட்டால் அது நிற்கும். உரையாசிரியர்கள் 'வருவித்துக் கொள்க' என்பார்களே, அந்த வேலை. இதற்கு 'முன்னிருப்பு' கச்சிதமாகப் பொருந்துகிறது. பொத்தானிலும் 'முன்னிருப்பாக்கு' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடலாம்.

ஆனால் சி நிரல்மொழியில், ஒரு மதிப்பைப் பார்த்துக் கிளை பிரிக்கும் ஸ்விட்ச் கட்டளையில் வரும் டிஃபால்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே முன்பே இருந்தது என்று எதுவும் இல்லை. எந்த நிபந்தனையும் பொருந்தாதவை வந்து விழும் இடம் அது. நெட்வொர்க்கில் வெளியே போகும் வாசலான டிஃபால்ட் கேட்வேயும் அப்படித்தான். எந்த முகவரிக்கு எந்த வழி என்று சொல்லும் வழிப்பட்டியலில், 'எந்த முகவரியானாலும்' என்று பொருள்படும் 0.0.0.0/0 என்ற வரிசைக்குப் போவது, வேறு எந்த வழியும் பொருந்தாத தரவுப் பொதி. இவற்றுக்கு 'முன்னிருப்பு' போட்டால் பாடம் நடத்தும் ஆசிரியர்தான் திண்டாடுவார். என் முன்மொழிவு 'மற்றபடி'. தினமும் வாயில் புழங்கும் சொல், விளக்கவுரை வேண்டாம். 'மற்றபடி வழி', 'மற்றபடிக் கிளை'. கேட்பதற்குக் கொஞ்சம் கொச்சையாக இருக்கிறது என்று சிலர் முகம் சுளிப்பீர்கள். சுளியுங்கள், ஆனால் மாற்று ஒன்றும் சொல்லுங்கள். 'வாளாநிலை' (வாளா என்றால் சும்மா) என்று ஒருவர் முன்வைத்ததை நானும் ரசித்தேன், ஆனால் அகராதியைப் புரட்டாமல் எத்தனை பேருக்கு விளங்கும்?

> வங்கிச் செயலியில் 'முன்னிருப்பு' என்றால் தொடக்க இருப்புத் தொகை என்று நினைத்துவிட மாட்டார்களா?

நினைப்பார்கள். இது வலுவான எதிர்ப்பு. கணக்கில் 'இருப்பு' என்று ஒரு தொகையைக் காட்டிவிட்டு, அதே திரையில் 'முன்னிருப்புக் கணக்கு' என்று போடுவது சரியில்லை. 'முன்னமைவு' என்று மாற்றலாமென்றால், அதை ஏற்கெனவே ப்ரீசெட்டுக்கு, அதாவது தேர்ந்தெடுக்கத் தயாராக வைத்திருக்கும் அமைப்புத் தொகுப்புக்கு, கொடுத்துவிட்டோம். இசைச் செயலியில் பத்து முன்னமைவுகள் இருந்தாலும் அவற்றில் ஒன்றுதான் முன்னிருப்பு. ஆகவே வங்கிச் செயலிகளில் மட்டும் 'முதன்மைக் கணக்கு' என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. பணம் எதிலிருந்து போகும் என்பது வாடிக்கையாளருக்குத் தெரிந்தால் போதுமே.

நம் மொழிபெயர்ப்புக் கோப்பில் 'இயல்புநிலை' வரும் வரிகளை மூன்றாகப் பிரித்துக் குறித்து இத்துடன் இணைக்கிறேன். நார்மல் என்ற பொருளில் வருபவற்றைத் தொடவில்லை. 'மற்றபடி' பிடிக்காதவர்கள் அந்த வரிகளிலேயே உங்கள் சொல்லை எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்.