கடைசி விசில் வரை உட்காராமல் எழுந்து வந்த ஆட்டம் உங்களுக்கும் உண்டா?

வில்லாபுரத்தான்

சீசன் பாஸ் கையில் இருந்தும் ஒரு ஆட்டத்தைக்கூட கடைசி விசில் வரை பார்த்ததில்லை நான். பத்து வருஷம் ஆகியும் மனசை விட்டுப் போகாததால் எழுதுகிறேன்.

2015. எனக்குப் பத்து வயசு. அப்பாவுக்கு சென்னையில் வேலை, சைதாப்பேட்டையில் ரூம். அம்மாவும் நானும் வில்லாபுரம். மாதத்துக்கு ஒரு ஞாயிறு வருவார். அந்த வருஷம் ஐ.எஸ்.எல். கால்பந்து ஆடும் ‘சென்னையின் எஃப்சி’ அணிக்கு ரெண்டு சீசன் பாஸ் எடுத்துவிட்டார். சென்னையிலேயே நடக்கிற ஏழு ஹோம் மேட்ச். எல்லாவற்றுக்கும் என்னால் போக முடியாது என்று அவருக்கும் தெரியும். சனிக்கிழமை மேட்ச் என்றால் மட்டும் அம்மா காலையில் என்னை வைகையில் ஏற்றிவிடுவார், பக்கத்து வீட்டுக்காரர் யாராவது அதே ரயிலில் இருப்பார். எக்மோரில் அப்பா நிற்பார். மேட்ச் முடிந்து ரெண்டு பேரும் பாண்டியனில் ஊருக்கு. ஞாயிறு முழுக்க அப்பா வீட்டில். இதுதான் கணக்கு.

சிக்கல் அந்தப் பாண்டியன்தான். ஏழு மணிக்கு மேட்ச். ஒன்பது மணிக்கு மேல் ரயில். ரிசர்வேஷன் கிடையாது, அன்ரிசர்வ்டு பெட்டி. சீக்கிரம் போய் நின்றால்தான் உட்கார இடம். அதனால் எண்பது நிமிடம் ஆனதும் அப்பா வாட்சைப் பார்ப்பார், என் முழங்கையைத் தொடுவார். அவ்வளவுதான், எழுந்துவிட வேண்டும்.

அக்டோபர் 3. காலாண்டு லீவு. அந்த சீசனுக்கே முதல் ஆட்டம், கொல்கத்தாவோடு. அவர்களின் போஸ்டிகா ரெண்டு போட்டுவிட்டார், நாம் 1-3. அப்பா முழங்கையைத் தொட்டார். எழுந்து படி இறங்கி, கேட்டைத் தாண்டி, பெரியமேட்டுப் பக்கம் ரோட்டுக்கு வந்துவிட்டோம். கையேந்தி பவன் தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கிற சத்தம்கூட இன்னும் ஞாபகம் இருக்கிறது. அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் அது கேட்டது. மைதானம் மொத்தமும் ஒரே குரலாக எழுந்தது. என் நெஞ்சுக்குள் அதிர்ந்தது. நான் நின்றுவிட்டேன். “அப்பா, கோல்!” என்றேன். அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “கோல் இல்லடா, பக்கத்துல போயிருக்கும், வா” என்று கையை இழுத்தார்.

பெட்டியில் எதிரே நின்ற அண்ணன் போனைப் பார்த்துச் சொன்னார்: 2-3, எலானோ, 89-வது நிமிடம். முந்தின சீசனில் 8 கோல் அடித்து, அதிக கோலுக்கான கோல்டன் பூட் வாங்கிய நம் எலானோ. அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 21, கேரளாவோடு. நம் மெண்டோசா ஹாட்ரிக், 4-1. அன்றைக்கும் பாதியில்தான் எழுந்தோம். ஆனால் வழியில் அப்பா சொன்னார், “செமி ஃபைனல் வந்தா ரயிலப் பத்தி யோசிக்கவேணாம். விசில் அடிக்கிற வரைக்கும் உட்காருவோம்.”

செமி வந்தது. அதற்கு முன்னால் டிசம்பர் வெள்ளமும் வந்தது. அடையாற்றுத் தண்ணீர் அப்பா ரூமுக்குள் ஏறிவிட்டது. நாலைந்து நாள் கழித்துத்தான் மதுரை வந்து சேர்ந்தார், ஒரே ஒரு பையோடு. செமி ஃபைனலின் ரெண்டு ஆட்டத்தில் சென்னையில் நடக்கவேண்டியதை அங்கே நடத்த முடியாமல் புனேவுக்கு மாற்றினார்கள். டிசம்பர் 12, 3-0 ஜெயித்தோம். நாங்கள் டிவியில் பார்த்தோம். சேறு காய்ந்த சீசன் பாஸ் ரெண்டும் டிவி மேல் இருந்தன.

20-ம் தேதி கோவாவில் ஃபைனல். 87-ல் கோவா 2-1. தொண்ணூறில் அவர்கள் கீப்பர் கட்டிமணி கையில் பட்டு பந்து அவர்கள் வலைக்குள்ளேயே போனது. இஞ்சுரி டைமில் மெண்டோசா போட்டார், 3-2. அவருக்கு அந்த சீசனில் 13-வது கோல். அப்பா என்னைத் தூக்கிவிட்டார். பத்து வயசுப் பையனை யாரும் அப்படித் தூக்க மாட்டார்கள்.

அப்பா அதன்பிறகு சென்னைக்கு வேலைக்குப் போகவே இல்லை. என்னை உறுத்துவது ஃபைனல் இல்லை. அந்த ரோட்டில் “கோல் இல்லடா” என்று ஏன் சொன்னார்? நிஜமாகவே தெரியாமலா?

ஆரப்பாளையம் 1971

தம்பி, படித்ததும் எழுதத் தோன்றியது. முதலில் ஒன்று. சென்னை அணி விளையாடுவதை மதுரைக்காரர் ஹோம் மேட்ச் என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. 500 கிலோமீட்டர் ரயிலில் போய்ப் பார்ப்பது எப்படி நம் மைதானம் ஆகும்? ஆடுகிறவன் காலையில் நம் தெருவில் பால் வாங்க வரவேண்டும். அதுதான் ஹோம்.

எங்கள் காலத்தில் அரசரடி ரயில்வே மைதானத்தில் டோர்னமெண்ட் நடக்கும். சுற்றிலும் சவுக்குக் கம்பு நட்டு, பலகை அடித்து கேலரி. பத்து நாளைக்கும் சேர்த்து சீசன் டிக்கெட். தடித்த மஞ்சள் அட்டை, பத்துக் கட்டம் போட்டிருக்கும், வாசலில் தினம் ஒரு கட்டத்தில் பேனாவால் கோடு இழுப்பார்கள். என் பெரியப்பா எனக்கும் ஒன்று வாங்கித் தருவார்.

எங்கள் தெரு அண்ணன் ஒருவர், மில்லில் ஃபிட்டர், உள்ளூர் அணியில் ரைட் விங். ஷிப்ட் முடிந்ததும் சைக்கிளில் நேரே மைதானத்துக்கு வருவார். பூட்ஸ் ரெண்டும் ஹேண்டில்பாரில் தொங்கும். என்னை முன்கம்பியில் உட்கார வைத்துக் கூட்டிப்போவார். பூட்ஸ் என் மடியில். நனைந்த தோல் வாடையும் அடியில் ஒட்டிய செம்மண்ணும் என் டிரவுசரில் அப்பிக்கொள்ளும். அதைப் பெருமையாகத் தட்டிவிடாமல் வைத்திருப்பேன்.

ஃபைனலில் கேரளத்து அணியோடு. திறந்த கோல், அவர் காலுக்குப் பந்து வந்தது, வெளியே அடித்துவிட்டார். கேலரி முழுக்க ஊளையிட்டது. நானும் சேர்ந்து கத்தினேன். எல்லாரும் கத்தினார்கள், நானும் கத்தினேன், அவ்வளவுதான். ஆனால் அவர் பந்து பொறுக்க எங்கள் பக்கம் வந்தவர் நிமிர்ந்து பார்த்தார். நேரே என்னை. என் வாய் இன்னும் திறந்தே இருந்தது.

அன்றைக்கு நான் சைக்கிளுக்குக் காத்திருக்கவில்லை. மேட்ச் முடிவதற்குள் பலகைக்கு அடியில் நுழைந்து இறங்கி, நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் தெருவில் பார்த்தபோது வழக்கம்போலத் தலையைத் தட்டிவிட்டுப் போனார். அவர் போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கேலரியில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும், தன் அணி கோல் அடித்தால் வரும் சத்தமும் பந்து பக்கத்தில் போனால் வரும் சத்தமும் வேறு. பக்கத்தில் போனால் “ஆ”வென்று எழுந்து உடனே கீழே விழும். கோல் என்றால் விழாது, நின்று கொதிக்கும். உங்கள் அப்பாவுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.

திண்டுக்கல் தேன்மொழி

அண்ணே, 1971 ஐயா சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன். தெருவுல பால் வாங்குறவர் ஆடுனாத்தான் ஹோம்னா எங்களுக்கு ஹோமே இல்லையே.

2018-19ல சென்னை சிட்டி எஃப்சி ஐ-லீக் ஆடுனது கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்துல. பேரு சென்னை, ஊரு கோவை, நாங்க திண்டுக்கல், கோல் அடிக்கிற மான்சி பொறந்தது உருகுவேயில. மாமா கோவைல இருந்தாரு, அவரு பாஸ்ல மாத்தி மாத்தி நானும் தம்பியும் போவோம். பழனி, உடுமலை, பொள்ளாச்சின்னு பஸ்ஸுலயே பாதி நாள் போயிரும். மான்சி அந்த வருசம் 21 கோல். ஒவ்வொண்ணும் எங்க வீட்டு ஆளு அடிச்ச மாதிரிதான் இருந்துச்சு. ஹோம்னா வேற என்ன?

என் கதை 2019 மார்ச் 9. கடைசி மேட்ச், மினர்வா பஞ்சாபோட. ஜெயிச்சா கப்பு. நாங்க ஜெயிக்காம, அங்கிட்டு கோழிக்கோட்டுல ஈஸ்ட் பெங்கால் ஜெயிச்சா கப்பு அவங்களுக்கு. மூணாவது நிமிசமே மினர்வா கோல் போட்டுட்டாங்க. பக்கத்துல யாரும் பேசல. கீழ் வரிசைல ஒரு பாட்டி, பேரனோட வந்தவங்க, முந்தானைய வாயில வச்சுக் கடிச்சிட்டே இருந்தாங்க.

அப்புறம் மான்சி பெனால்டி, கௌரவ் போரா ஒண்ணு. 2-1. அப்பயும் மூச்சு விட முடியல, ஏன்னா கோழிக்கோட்டுல ஈஸ்ட் பெங்கால் திருப்பி அடிச்சு முன்னாடி போயிட்டாங்க. எங்க பின்னாடி இருந்த அண்ணன் போன்ல அந்த ஸ்கோர். சுத்தி பத்துப் பேரு தலைய போனுக்குள்ள விட்டுட்டு நிக்கிறாங்க. நானும்தான். எதிர்ல நம்ம டீமு ஆடிக்கிட்டு இருக்கு, நான் வேற ஊர் மேட்ச போன்ல பாக்குறேன். போரா கடைசியா போட்டாரே மூணாவது கோலு, அத நான் பாக்கல. சத்தம் கேட்டுத்தான் தலைய நிமித்துனேன், நெட்டு ஆடிக்கிட்டு இருந்துச்சு. அந்தப் பாட்டி எந்திரிச்சு நின்னு ரெண்டு கையையும் மேல தூக்கியிருந்தாங்க. அவங்க பாத்துருக்காங்க.

43க்கு 42. ஒரே பாயிண்டுல கப்பு. மைதானத்துல உக்காந்தே கோல விட்டவ நானு.

கே.கே.நகர் கணேசமூர்த்தி

இதைப் படிக்கும் பெற்றோர்களுக்காகச் சில விஷயம் சொல்ல வேண்டும். வில்லாபுரத்துத் தம்பியின் அப்பா மேல் மரியாதை உண்டு. ஆனால் பத்து வயசுப் பிள்ளையை ராத்திரி அன்ரிசர்வ்டு பெட்டியில் கூட்டிவருவது சரியில்லை. யாரும் அதைப் பின்பற்ற வேண்டாம்.

நானும் 2017-18 சீசனில் என் மகளைக் கூட்டிப் போனேன். கூட்டம் கலையும்போது அவள் கை என் கையிலிருந்து நழுவிவிட்டது. ஏழு வயசு. சுற்றிலும் நீலச் சட்டை, எல்லாமே அவள் சட்டை போலவே. ரெண்டு மூணு நிமிடம்தான் இருக்கும், ஒரு சுண்டல்காரர் தன் கூடைக்குப் பக்கத்தில் அவளை உட்கார வைத்திருந்தார். அந்தச் சில நிமிடம் எனக்கு இன்றும் தூக்கத்தில் வருகிறது. அதனால்தான் சொல்கிறேன்.

மேட்ச் முடிந்த ராத்திரியே ஊர் திரும்ப நினைக்காதீர்கள். எக்மோர் பக்கம் ஒரு ராத்திரி தங்கிவிடுங்கள். காலை ஆறு மணிக்குத் தேஜஸ் பிடித்தால் மதியச் சாப்பாட்டுக்கு மதுரை. இல்லையென்றால் மதியத்துக்கு மேல் வைகை. குழந்தையின் கையில் உங்கள் போன் நம்பரை பால்பாயிண்டில் எழுதுங்கள், ஸ்கெட்ச் பேனா வியர்வையில் அழிந்துவிடும். உள்ளே போனதுமே ஒரு தூணையோ படிக்கட்டையோ காட்டி, “தொலைஞ்சா இங்க வந்து நில்லு” என்று சொல்லிவையுங்கள். எல்லாரும் போட்டிருக்கும் நிறத்திலேயே சட்டை போடாதீர்கள். குறைந்தபட்சம் தொப்பியாவது வேறு நிறத்தில் இருக்கட்டும். மேளம் அடிக்கிற ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள், காது வலி வரும். விசில் அடித்ததும் எழாமல், கால்மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்குங்கள். கூட்டத்தோடு படி இறங்குவதுதான் ஆபத்து. டிக்கெட்டைக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள், அக்டோபரிலும் சென்னையில் புழுக்கம் தாங்காது.

வில்லாபுரத்தான்

கணேசமூர்த்தி சார், அக்கறைக்கு நன்றி. ஆனால் தங்குவதற்கு ரூம் போடுகிற நிலைமை இருந்திருந்தால் அப்பா ரிசர்வேஷனே பண்ணியிருப்பார். அந்தப் பெட்டியில் நான் ராத்திரி முழுக்க அவர் மடியில்தான் படுத்து வருவேன், அவர் ஒரு காலை மாற்றி வைக்கக்கூட மாட்டார். அதைத் தப்பு என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

தேன்மொழி, அந்தப் பாட்டி எனக்குக் கண்ணிலேயே நிற்கிறார்.

1971 ஐயா, நீங்கள் சொன்ன சத்தத்தை நேற்று முழுக்க நினைத்துக்கொண்டே இருந்தேன். விழாமல் நின்று கொதித்த சத்தம்தான் அது. ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் கேட்டேவிட்டேன். “அன்னைக்கு எலானோ அடிச்சப்ப, ரோட்டுல கோல் இல்லன்னு சொன்னீங்களே, தெரியாமலாப்பா?”

தோசையைப் பிய்த்த கை நின்றது. அந்த நாளை அவர் மறந்திருக்கவில்லை.

“தெரியும்டா. நம்ம கோல்தான்னு சத்தத்துலயே தெரிஞ்சுபோச்சு. சொன்னா நீ திரும்பி ஓடிருவ. ஒன்பது மணி ரயில விட்டா மறுநா சாயங்காலந்தான் மதுர. அம்மாவப் பாத்துட்டு அப்படியே திரும்பணும்.”

சட்னியைத் தொட்டார். கொஞ்ச நேரம் கழித்து, “ஞாயித்துக்கெழம வீட்ல இருக்கணும்போல இருந்துச்சுடா எனக்கு” என்றார்.