படித்ததும் மருமகனை மறந்துவிட்டார்களா?

தெமா துரை:
ஆப்பிரிக்க நகரங்களில் பள்ளிக்கூடம் வந்ததும் கூட்டுக் குடும்பம் செத்துவிட்டதாம். ‘உறவுக்காரன்’ எழுதியிருக்கிறார். எங்கே செத்தது? கானாவின் அக்கான் மக்களிடம் வாரிசுரிமை தாய்வழி. மாமன் சொத்து மருமகனுக்கு, அதாவது அக்கா தங்கை மகனுக்கு. கோகோ விற்ற காசில் மருமகனைப் படிக்க வைத்த மாமன்கள் எத்தனை பேர்! அப்படிப் படித்து தலைநகர் அக்ராவில் வேலைக்குப் போனவர் வீட்டில் இன்றைக்கும் ஊர்ப் பிள்ளை ஒன்று தங்கிப் படிக்கும்.

உறவுக்காரன்:
கோகோ கதை சரி. கானாவின் 1985 வாரிசுச் சட்டம் என்ன சொல்கிறது? உயில் எழுதாமல் இறந்தால் வீடு மனைவி மக்களுக்கு. மருமகனுக்குப் பூஜ்யம். படித்தவர்கள் செய்த வேலைதானே அது?

தெமா துரை:
பூஜ்யமா? வீடும் வீட்டுச் சாமானும் போக மீதியில் குறைந்தது எட்டில் ஒரு பங்கு வழக்காற்று முறைப்படி போகும். அக்கானுக்கு அது தாய்வழிதான். எட்டில் ஒன்று, பூஜ்யம் இல்லை.

உறவுக்காரன்:
வீடும் சாமானும் போனால் மீதி என்ன இருக்கும்? பிளாஸ்டிக் நாற்காலிகூட சாமான் கணக்கில் போய்விடும்!

தெமா துரை:
எட்டில் ஒன்று. சட்ட எண் 111. படித்துவிட்டு வாருங்கள்.

கலாமதி:
அந்த ‘தங்கிப் படிக்கும் பிள்ளை’ தண்ணீர் தூக்கி, வீடு பெருக்கி, கைக்குழந்தையைப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்குப் போகும். சில வீடுகளில் பள்ளிக்கே போகாது. இதற்குப் பெயர் உறவா?

தெமா துரை:
நான் அங்கே பல வருஷம் இருந்தவன் அம்மா. சொந்தப் பிள்ளையும்தான் பெருக்கும்.

கலாமதி:
இருந்தது கம்பெனி குவார்ட்டர்ஸில்.



உறவுக்காரன்:
கானாவில் 2017 முதல் அரசு மேல்நிலைப் பள்ளியில் கட்டணமே இல்லை. இனி மாமன் எதற்கு?

தெமா துரை:
விடுதிக்குப் போகிற பிள்ளைக்கு டிரங்குப் பெட்டி, மெத்தை, ஒரு டப்பா ஷிட்டோ மிளகாய்த் தொக்கு, மூட்டையாக ‘காரி’ என்கிற வறுத்த மரவள்ளிக் குருணை எல்லாம் அரசா வாங்கித் தருகிறது? மாமனோ சித்தியோதான். அப்புறம், அந்த 1985 சட்டம் குடும்பப் பொதுச் சொத்தைத் தொடவே இல்லை. அதையும் மறைத்துவிட்டீர்கள்.

உறவுக்காரன்:
மறைத்தேனா? உங்கள் எட்டில் ஒன்றை அந்த மெத்தைக்குள் வைத்துத் தைத்துக் கொடுங்கள்.

கலாமதி:
நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.

தெமா துரை:
முதலில் அவர் ‘பூஜ்யம்’ என்றதைத் திரும்பப் பெறட்டும்.