பிள்ளைகளுக்கு எந்த கேம் கன்சோல் வாங்கலாம்?

வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறோம். பையனுக்கு 11 வயது, பாப்பாவுக்கு 7. இந்த ஊர் வெயிலில் மத்தியானம் பிள்ளைகளை வெளியே விட முடியாது என்பது உங்களுக்கே தெரியும். போன வாரம் பையன் போர்வைக்குள் போனை மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தது, மனசு கேட்கவில்லை. விளையாடினால் ஹாலில், டிவியில், எங்கள் கண்ணெதிரே விளையாடட்டும் என்று முடிவு செய்துவிட்டோம்.

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் பார்த்தேன். அதில் டிஸ்க் போட வழியில்லை, எல்லாமே டவுன்லோடுதான். டிஸ்க் போடுகிற பிளேஸ்டேஷன் 5 என்றால் பழைய டிஸ்க் வாங்கலாம், ஆடி முடித்து விற்கலாம். ஆனால் விலை கூட. எனக்குப் பிடித்தது நின்டெண்டோ ஸ்விட்ச். பக்கத்துக் கைப்பிடிகளைக் கழற்றி ஆளுக்கொன்று கொடுத்துவிடலாம், சண்டை இருக்காது. கரண்ட் போனாலும் கையில் வைத்து ஆடலாம். ஆனால் அந்த கம்பெனி நம் நாட்டில் நேரடியாக விற்பதில்லை. வாரண்டியை நினைத்தால்தான் பயம்.

ஸ்விட்ச் வைத்திருப்பவர்கள் ரிப்பேருக்கு என்ன செய்கிறீர்கள்? காட்பாடி, வேலூர் பக்கம் நம்பிக்கையாகப் பார்ப்பவர்கள் உண்டா, இல்லை சென்னைக்குத்தான் போக வேண்டுமா? அப்புறம், 7 வயதுப் பிள்ளைக்கு ஏற்ற, அடிதடி இல்லாத கேம் எதில் அதிகம்? அனுபவப்பட்ட அண்ணன்கள், அக்காக்கள் சொல்லுங்கள்.