செண்டை மேளக் கேசட்டை எம்பி3 ஆக்க எத்தனை கேபிபிஎஸ் (செகண்டுக்கு எத்தனை கிலோபிட்) வைக்கணும்?

கொழிஞ்சாம்பாறை_கேசட்:
கோயில் திருவிழால பதிஞ்ச கேசட் 40 இருக்குதுங்க, ஒவ்வொண்ணும் 60 நிமிஷம். பாதி பாண்டி மேளம் (செண்டை மேளத்துல ஒரு வகை), பாதி நாதஸ்வரம் தவில். ஆடாசிட்டிங்கற ஒலி எடிட்டிங் சாஃப்ட்வேர்ல 128 கேபிபிஎஸ்ல எம்பி3 ஆக்கினேன். நாதஸ்வரம் பரவால்லீங்க. மேளம் காலம் (வேகம்) ஏற ஏற இலத்தாளம் (வெண்கலக் கைத்தாளம்) தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி கொழகொழன்னு கேக்குது. அதே ஃபைலை 320 ஆக்கினா சரியாயிடுங்களா? கோயில் ஆம்ப்ளிஃபயர்ல 8 ஜிபி பென்டிரைவ் சொருகித்தான் போடணும்.

வாளையாறு_சவுண்ட்:
ஆகாதுங்க. 128-ல போனது போனதுதான். 320 ஆக்கினா ஃபைல்தான் பெருக்கும். கேசட்டுல இருந்தே மறுபடி எடுக்கணும்.

எம்பி3 ஒலியைத் துண்டு துண்டா வெட்டித்தான் சுருக்கும். ஒரு துண்டுல 1152 சாம்பிள் (ஒலியை அளந்த புள்ளி), 44.1 கிலோஹெர்ட்ஸ்ல சுமார் 26 மில்லி செகண்ட். நாதஸ்வரத்துல ஸ்வரம் நீண்டு நிக்கறதால சுலபமா சுருங்கிடும். செண்டையில கோல் விழறது சடார்னு. சுருக்கும்போது வர்ற இரைச்சல் துண்டு முழுக்கப் பரவி, அடிக்கு முன்னாடியே கேட்டு அடியை மழுக்கிடும். துண்டைச் சின்னதாக்கித் தப்பிக்கலாம், அதுக்கு பிட் நிறைய வேணும், 128-ல அது இருக்காது. இலத்தாளம் இன்னும் மோசம்: மேல் அலைவரிசை முழுக்க ஒரே நேரத்துல நிரப்பும், எதைத் தள்ளினாலும் காது கண்டுபிடிச்சிடும்.

மேளத்துக்கு 320, நாதஸ்வரத்துக்கு 192 வைங்க. மொத்தத்தையும் 320-ல போட்டாலும் மணிக்கு 144 எம்பி, 40 மணிக்கு 5.76 ஜிபி. உங்க பென்டிரைவுல அடங்கும்.

புளியரை_டேப்:
ஒண்ணு கேக்கணும்: ஆடாசிட்டில நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டீங்களா? எத்தனை டெசிபல்?

கொழிஞ்சாம்பாறை_கேசட்:
ஆமாங்க, 24. கேசட் இரைச்சல் தாங்கல.

புளியரை_டேப்:
அப்போ பாதிக் குத்தம் அதுமேல. அளவு மீறினா அதுவும் இதே கொழகொழப்பைத்தான் கொண்டுவரும், பிறகு எந்த பிட்ரேட்டாலும் (கேபிபிஎஸ் அளவு) மாத்த முடியாது. 6-க்கு மேல போகாதீங்க. மேளத்துக்குப் போடவே வேண்டாம், அந்தச் சத்தத்துல இரைச்சல் அமுங்கிரும். மெதுவான நாதஸ்வரத்துக்கு மட்டும் லேசா போடலாம்; கேசட் இரைச்சலும் பிட்டைத் தின்னும்.

எடுக்கறதுக்கு முன்னாடி ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு பிளேயர் ஹெட்டை (டேப்பைப் படிக்கற பாகம்) துடைங்க. அப்புறம் ஹெட் பக்கத்து சாய்வு ஸ்க்ரூவை மெல்லத் திருப்பி, இலத்தாளம் எங்க பளிச்சுன்னு கேக்குதோ அங்க நிறுத்துங்க. பதிஞ்ச மெஷினுக்கு மெஷின் சாய்வு மாறும், அதனால ஒவ்வொரு கேசட்டுக்கும் பாக்கணும். மேளத்தோட உச்சத்துல ஆடாசிட்டி மீட்டர் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக்கூடாது.

ஒரே மைக்குல பதிஞ்சிருந்தா அது மோனோதான். ரெண்டு சேனலையும் கலக்காம, தெளிவா இருக்கறதை மட்டும் வைங்க. சாய்வு கொஞ்சம் தப்பியிருந்தாலும் கலக்கும்போது மேல் சத்தம் அடிபடும். மோனோவுக்கு 160 போதும், ஸ்டீரியோ 320-க்குச் சமம்.

வாளையாறு_சவுண்ட்:
சரியாச் சொன்னீங்கண்ணே. இன்னொண்ணு: பென்டிரைவுக்கு விபிஆர் (இடத்துக்கு இடம் மாறற பிட்ரேட்) வேண்டாம், மலிவான பிளேயர் போர்டு சிலதுல நேரம் தப்பாக் காட்டும், பாட்டை நகர்த்தினா எங்கயோ போய் நிக்கும். சிபிஆர் (மாறாத ஒரே பிட்ரேட்) வைங்க. வெட்டித் திருத்தின மூலத்தை ஃபிளாக்ல (தரம் குறையாம சுருக்கற ஃபைல் வகை) தனி ஹார்ட் டிஸ்க்ல வச்சிடுங்க. வேவ்ல (சுருக்காத ஃபைல்) 40 மணிக்கு 25 ஜிபி சொச்சம், ஃபிளாக்ல அதைவிட நல்லாவே குறையும், ஒரு பிட் கூட போகாது. டேப் வருஷா வருஷம் தேயுதுங்க.