உப்புக் காற்றின் மேல் போட்ட பழி

கீழக்கரை, ஸ்டூடியோக்காரர்:
எங்கள் ஊரில் எது கெட்டாலும் உப்புக் காற்றைத்தான் சொல்வோம். கல்யாண வீடியோக்களுக்காக வாங்கிய வெளி ஹார்ட் டிஸ்க் மந்தமானபோது நானும் அதையே சொன்னேன். யுஎஸ்பி முனையில் பச்சை பிடித்திருந்தது உண்மை. சுரண்டித் துடைத்தேன், கேபிளை இரண்டு முறை மாற்றினேன். பெரிய வீடியோ சரளமாகவே போனது. ஆயிரக்கணக்கான சிறு படங்களை எழுதும்போதுதான் திணறியது. பச்சை பிடித்த முனை படத்துக்கு ஒரு மாதிரி, வீடியோவுக்கு ஒரு மாதிரி நடந்துகொள்ளுமா?

லினக்ஸில் டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் எஃப்டிஸ்க் (fdisk) கருவியைத் திறந்தேன். பார்டிஷன், அதாவது பிரித்த பகுதி, 65535-ஆம் செக்டரில் (512 பைட் கொண்ட துண்டுகளாக எண்ணினால்) தொடங்கியிருந்தது. வழக்கமாக 2048 அல்லவா இருக்கும்!

மீன் ஏற்ற வரும் வண்டிக்காரரிடம் “ஒரு நடைக்கு எத்தனை பெட்டி தோது?” என்று கேட்பதுபோல, டிஸ்க்கைச் செருகியதும் கணினியின் டிரைவர் மென்பொருள் “ஒரு தடவைக்கு எத்தனை பைட் தோது?” என்று அதனிடம் கேட்கிறது. என் டிஸ்க் பெட்டிக்குள் இருந்த யுஎஸ்பி-சாட்டா சிப் (டிஸ்க்கை யுஎஸ்பியோடு இணைக்கும் சில்லு) சொன்ன பதில் 33553920 பைட். வகுத்துப் பார்த்தால் 65535 × 512. அளந்து சொன்ன எண் அல்ல அது. 16 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண்ணை அப்படியே நிரப்பி வைத்திருக்கிறார்கள். எஃப்டிஸ்க் அதை நம்பி அங்கேயே கோடு கிழித்துவிட்டது. டிஸ்க்கின் உண்மையான செக்டரோ 4096 பைட், அதாவது 512 பைட் செக்டர்கள் எட்டு. 65535 எட்டால் வகுபடாது. அதனால் 4096 பைட் எழுதும் ஒவ்வொரு முறையும் இரண்டு செக்டரில் கால் வைக்கிறது. டிஸ்க் இரண்டையும் படித்து, திருத்தி, திரும்ப எழுத வேண்டும்.

எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு மாற்றி, எட்டால் வகுபடும் 2048-இல் தொடங்கிப் புதிதாகப் பிரித்தேன். ஓர் இரவு போனது.

மண்டபம்:
காக்கா, என் பெட்டியும் இதே எண்ணைத்தான் சொன்னது. ஆனால் செக்டர் 4096 என்று உண்மையைச் சொன்னதால், ‘வகுபடவில்லை’ என்று பதிவில் எழுதிவிட்டு லினக்ஸின் மையமான கர்னல் அந்த எண்ணைத் தள்ளிவிட்டது. 2019-இல் சேர்த்த சோதனை அது. உங்கள் பெட்டி 512 என்று சொல்லியிருக்கும், பாருங்கள்.

தொண்டி:
நான் புது டிஸ்க்கைப் பிரிப்பதற்கு முன்பே டிஸ்க் சொல்லும் அளவுகளைக் காட்டும் ‘lsblk -t’ கட்டளையைப் போட்டுப் பார்த்துவிடுவேன். 33553920 தெரிந்தால் தொடக்கத்தை நானே 2048 என்று தட்டுவேன்.

கீழக்கரை, ஸ்டூடியோக்காரர்:
பார்த்தேன் தம்பி, 512 என்றுதான் சொல்கிறது. ஒரே பெட்டி, இரண்டு பொய். நான் சுரண்டியதில் யுஎஸ்பி முனையில் ஒரு பின் வளைந்திருக்கிறது. அதற்கு மட்டும் யார் மேலும் பழி போட முடியவில்லை.