‘செயலேறு நாள்’: சட்டம் நடப்புக்கு வரும் தேதிக்குக் கலைச்சொல்

ஐயா, வணக்கம்.

சட்டம் நடப்புக்கு வரும் தேதிக்கு ‘அமலாக்க நாள்’ என்று நீங்கள் முன்வைத்த சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களுக்குத் தயாராகும் சட்டக் கையேட்டில் ‘அமல்’ ஒரே பக்கத்தில் மூன்று பொருளில் வருகிறது. மசோதா நிறைவேறினாலும் அமல், சட்டம் நடப்புக்கு வந்தாலும் அமல், தொழிலாளர் இலாகா அதிகாரி தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குச் சோதனைக்கு வந்தாலும் அமல்.

1955 வேலைவாய்ப்புச் சட்டத்தின் திருத்தத்தையே பாருங்கள். 2022 மார்ச் 21-இல் மக்களவையிலும் 30-இல் மேலவையிலும் நிறைவேறியது. மாமன்னரின் ஒப்புதலோடு மே 10-இல் அரசிதழில் வெளியானது. அப்போதும் அது யாரையும் கட்டுப்படுத்தவில்லை, நாளைக் குறிக்கும் அதிகாரம் அமைச்சரிடம் இருந்தது. முதலில் செப்டம்பர் 1 என்றார்கள், பிறகு 2023 ஜனவரி 1-க்குத் தள்ளிவைத்தார்கள். இடைவெளி 122 நாள்.

கணக்கு பிசகுவது இந்த இடைவெளியில்தான். திருத்தத்தால் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 ஆனது. செம்பனை ஆலையில் நாள் சம்பளத்துக்கு வாரம் 48 மணி உழைத்தவருக்கு, ஜனவரியிலிருந்து வாரத்துக்கு 3 மணி ஓவர்டைம், ஒன்றரை மடங்குச் சம்பளம். ‘செப்டம்பரில் அமல்’ என்ற பழைய செய்தியை நம்பி சம்பளக் கோரிக்கைகளை இலாகா விசாரிக்கும் 69-ஆம் பிரிவின்கீழ் மனுப் போட்டால், அந்த நான்கு மாதத்துக்கான தொகை நிற்காது. அதைக் காட்டியே மற்ற கணக்கையும் எதிர்த்தரப்பு கிண்டும். பேறுகால விடுப்பும் இப்படித்தான்: 2022-க்குள் விடுப்பை முடித்தவருக்குச் சட்டம் தந்தது 60 நாள், திருத்தம் தரும் 98 அல்ல.

என் பரிந்துரை: செயலேறு. மசோதா நிறைவேறியது, சட்டம் செயலேறியது. ‘நிறைவேறு, நிறைவேற்று’ போலவே ‘செயலேறு, செயலேற்று’ என்று இரண்டு வினையும் கிடைப்பதால், அமைச்சர் செயலேற்றினார், இன்ன பிரிவு இன்னும் செயலேறவில்லை என்றெல்லாம் தடையில்லாமல் எழுதலாம்.

*

அம்மா, வணக்கம்.

‘அமல்’ சுமக்கும் பொருள்களைப் பிரித்தாக வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் பக்கத்துக்கு வலுச் சேர்க்க 446-ஆம் சட்டமே போதும். தொழிலாளர் குடியிருப்பு பற்றிய அந்தச் சட்டத்தின் திருத்தம் 2020 ஜூன் 1-இல் நடப்புக்கு வந்தது. முதலாளிகளுக்கு ஆகஸ்ட் 31 வரை அவகாசம் கொடுத்து, செப்டம்பர் 1 முதல்தான் நடவடிக்கை என்றார்கள். இரண்டையும் ‘அமல்’ என்றால், ஜூலையில் முதலாளிக்குக் கடமை இருந்ததா இல்லையா என்பதே தெரியாமல் போகும். கடமை இருந்தது. ஜூன் 1 செயலேறு நாள், செப்டம்பர் 1 அமலாக்கத் தொடக்கம்.

ஆனாலும் புதுச்சொல் வேண்டுமா என்று மற்றவற்றையும் உரசிப் பார்த்தேன். ‘நடப்பு நாள்’ சரிவராது, நடப்பு ஆண்டு என்றால் இந்த ஆண்டு. ‘உயிர்ப்பு நாள்’ கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தேவாலயத்துக்குப் போகிறவர்களுக்கு அது ஈஸ்டர். ‘செல்லுபடி நாள்’ எல்லாவற்றிலும் ஆபத்தானது. வேலை பெர்மிட் வைத்திருப்பவர் அதைக் காலாவதித் தேதி என்றே படிப்பார். தவிர, ‘செல்லாது’ என்பதை நீதிமன்றத்துக்கென்று விட்டுவைக்க வேண்டும். செயலேறிய சட்டமும் அரசியலமைப்புக்கு முரணானால், அரசியலமைப்பின் 4(1)-ஆம் விதிப்படி முரணான அளவுக்குச் செல்லாது. நாளைக் குறிப்பது அமைச்சர், செல்லுமா என்று சொல்வது நீதிபதி. சொல்லிலும் அந்த எல்லை இருக்கட்டும், ‘செயலேறு நாள்’ என்றே வைத்துக்கொள்வோம்.

69-ஆம் பிரிவு விசாரணையில் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே சோதனைக்கு வரும் இலாகாவே விசாரித்துத் தீர்ப்பும் தருகிறது, மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்குப் போகும். எனவே ‘அமலாக்கம்’ என்பதைச் சோதனை, வழக்குத் தொடுப்பு ஆகியவற்றுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, சம்பளக் கோரிக்கையை ‘விசாரணை’ என்றே எழுதுங்கள்.

கையேட்டில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் நிறைவேறிய நாள், அரசிதழ் நாள், செயலேறு நாள் மூன்றையும் தனித்தனிக் கட்டத்தில் போடுங்கள். மூன்றாவதில், நாளைக் குறித்து அரசிதழில் வந்த பி.யு.பி (P.U. (B)) அறிவிப்பின் எண்ணும் வேண்டும், விசாரணையில் அதைத்தான் கேட்பார்கள். அதே கட்டத்தில் ‘தீபகற்ப மலேசியா, லாபுவான்’ என்றும் எழுதுங்கள். சபாவுக்கும் சரவாக்குக்கும் தொழிலாளர் சட்டம் தனி, அங்கே இந்த நாள் பொருந்தாது.