மகளிர் மாஸ்டர்ஸ் ஹாக்கி: ஒன்பது தன்னார்வலர்களை வைத்து இரண்டு நாள் போட்டியை நடத்த முடியுமா?

இடது பின்களம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தென்மாவட்டம் ஒன்றில் 35 வயதைக் கடந்த பெண்களுக்கான ஹாக்கி அணியில் ஆடிவருகிறேன். பல்கலைக்கழக அணியில் ஆடியவர்கள், விளையாட்டு விடுதியில் வளர்ந்தவர்கள், திருமணத்தோடு மட்டையைப் பரணில் போட்டவர்கள் என 18 பேர் இருக்கிறோம். 2025 ஜூன் மாதம் சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில், பெண்களுக்கு 35, ஆண்களுக்கு 40 என்ற வயது வரம்போடு ஹாக்கி இந்தியாவின் முதல் மாஸ்டர்ஸ் கோப்பை நடந்த பிறகு, எங்கள் பக்கத்திலும் ஒரு போட்டி நடத்தலாம் என்ற எண்ணம் வலுத்திருக்கிறது.

பிப்ரவரி கடைசி வாரத்தில், சனி, ஞாயிறு இரண்டு நாள்களில், ஆறு அணிகளை அழைக்கத் திட்டமிட்டுள்ளோம். விளக்கு வசதியுள்ள ஒரே ஒரு செயற்கைப் புல்தரை மைதானம் கிடைக்கும். உதவிக்கு ஒன்பது பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்: ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்கள் மூவர், கல்லூரி மாணவிகள் நால்வர், ஒரு வீராங்கனையின் கணவர், இன்னொருவரின் அக்கா. சனிக்கிழமை காலையில் மூன்று, மாலையில் மூன்று லீக் ஆட்டங்கள், ஞாயிற்றுக்கிழமை அரையிறுதியும் இறுதியும் என்று வைத்திருக்கிறோம். நடுவர் வேலையை எங்கள் வீராங்கனைகளே முறை வைத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

எனக்குள்ள அச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு நடத்திய நட்பு ஆட்டத்தில் மேசையில் உட்கார்ந்து நேரம் பார்த்தவளும் நான்தான், ஆள் குறைகிறது என்று கடைசிப் பத்து நிமிடம் களமிறங்கியவளும் நான்தான். மஞ்சள் அட்டை பெற்று வெளியே அமர்ந்திருந்த எதிரணிப் பெண் எப்போது திரும்ப வேண்டும் என்பதை அதன் பிறகு ஒருவரும் கவனிக்கவில்லை. யாராவது கூப்பிடுவார்கள் என்று அவர் மட்டையைப் பிடித்தபடி கோட்டோரத்தில் நின்றுகொண்டே இருந்தார், ஆட்டமும் முடிந்துவிட்டது. இம்முறை அப்படி நேராமல் இருக்க, இந்த ஒன்பது பேருக்கும் எந்தெந்த வேலையைப் பிரித்துக் கொடுப்பது?

மேசைக்காரர்

சகோதரி, ஆள்களைப் பற்றிப் பேசுவதற்கு முன் அட்டவணையைத் திருத்த வேண்டும். உங்கள் ஆள் பற்றாக்குறைக்குப் பாதிக் காரணம் அதுதான். ஆறு அணிகளை மும்மூன்றாகப் பிரித்துவிட்டுக் காலையிலேயே மூன்று லீக் ஆட்டங்களை வைத்தால், ஏதாவது ஒரு பிரிவில் இரண்டு ஆட்டங்கள் அந்த வேளையில் வந்தே தீரும். மூன்று அணிகளுக்குள் இரண்டு ஆட்டம் என்றால் ஓர் அணி இரண்டிலும் ஆடியாக வேண்டும். இருபது வயதில் இது பொருட்டே இல்லை. நாற்பத்தைந்தில், முதல் ஆட்டம் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் மறுபடியும் ஓடச் சொன்னால், அந்த அணியில் பாதிப் பேர் மாலைக்குள் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

அரையிறுதியை விட்டுவிடுங்கள். இரண்டு நாள்களில் நான்கு வேளைகள் இருக்கின்றன. வேளைக்கு இரண்டு ஆட்டம் போதும். சனி காலையில் இரு பிரிவுகளிலும் முதல் அணியும் இரண்டாம் அணியும், மாலையில் இரண்டாம் அணியும் மூன்றாம் அணியும், ஞாயிறு காலையில் முதல் அணியும் மூன்றாம் அணியும் மோதட்டும். ஞாயிறு மாலை, பிரிவில் முதலிடம் பெற்றவர்களுக்கு இறுதி ஆட்டம், இரண்டாமிடம் பெற்றவர்களுக்கு மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். மொத்தம் எட்டு ஆட்டங்கள்; எந்த அணியும் ஒரே வேளையில் இரண்டு முறை ஆடாது. அதோடு, முதல் மூன்று வேளைகளிலும் பிரிவுக்கு ஓர் அணி ஓய்வில் இருக்கும். அந்த ஓய்வு அணியிடம் மேசைக்கு மூன்று பேரைக் கேட்டு வாங்குங்கள், அழைப்புக் கடிதத்திலேயே இதை நிபந்தனையாக எழுதிவிடுங்கள். உங்கள் ஒன்பது பேரும் வேறு வேலைக்குக் கிடைப்பார்கள்.

மேசையில் ஒருவர் கடிகாரம், ஒருவர் ஸ்கோர்ஷீட், மூன்றாமவர் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டும். விதிப்படி பச்சை அட்டைக்கு 2 நிமிடம், மஞ்சளுக்குக் குறைந்தது 5 நிமிடம். சட்டை எண், எந்தக் கால்பகுதியில் எத்தனையாவது நிமிடத்தில் வெளியேறினார், எப்போது திரும்பலாம் என்று மூன்றையும் அப்போதே எழுத வேண்டும். இடைவேளை நேரம் தண்டனைக் கணக்கில் சேராது என்பதை இங்கேதான் பலரும் மறந்துவிடுகிறார்கள். அந்த நாற்காலியில் இருப்பவர் தேநீர் வாங்கக்கூட எழுந்து போகக் கூடாது.

வழக்கமான ஆட்டம் 15 நிமிடங்கள் கொண்ட நான்கு கால்பகுதிகள். இரு அணிகளும் ஒப்புக்கொண்டால் நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்பதால், உங்கள் வயதினருக்குப் பத்துப் பத்து நிமிடமாக வைப்பதே என் விருப்பம். ஆனால் 40 நிமிட ஆட்டத்தில் 5 நிமிடத் தண்டனை கனமானது; அதை முன்கூட்டியே கேப்டன்களிடம் சொல்லிவிடுங்கள், பிறகு மேசையைச் சுற்றி நின்று வாதாடுவதில் பயனில்லை.

பழைய கோல்கீப்பர்

ஐயா சொன்னவை எல்லாம் போட்டி நாளின் வேலைகள். மகளிர் மாஸ்டர்ஸில் தன்னார்வலரின் உழைப்பில் பெரும்பகுதி அதற்கு ஆறு வாரம் முன்பே, தொலைபேசியில் கழிந்துவிடுகிறது. நான்கு ஆண்டுகளாக எங்கள் அணிக்கு மேலாளராக இருக்கிறேன். ஒருமுறைகூட, அழைத்த பதினெட்டுப் பேரும் முதல் அழைப்பிலேயே சம்மதித்ததில்லை. வர விருப்பமில்லாமல் யாரும் மறுப்பதில்லை. வீட்டில் மாமியாருக்கு மருந்து கொடுக்க ஆள் வேண்டும், அலுவலகத்தில் விடுப்புக்கு அழைப்புக் கடிதம் கேட்கிறார்கள், இரவுப் பேருந்தில் தனியாக வரத் தயக்கம் என்று, எல்லாமே யாராவது ஒருவர் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடக்கூடிய காரணங்கள்தாம். ஆகவே ஒன்பது பேரில் பேச்சுத்திறம் உள்ள ஒருவரை இன்றைக்கே இந்த வேலைக்கு ஒதுக்குங்கள். விடுப்புக் கடிதம், பேருந்து நேரம், தங்குமிடம் மூன்றும் அவர் பொறுப்பு.

முதலில் தேதியை மாற்றுங்கள். பிப்ரவரியில் பிளஸ் டூ செய்முறைத் தேர்வுகள், மார்ச்சில் பொதுத்தேர்வு. அந்த நேரத்தில் பிள்ளையை விட்டுவிட்டு எந்தத் தாய் மட்டையை எடுப்பாள்? பொங்கல் முடிந்த அடுத்த வாரம் என்றால் வருவார்கள்.

குழந்தைகளுக்கென்று ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். ஒருமுறை எங்கள் நடுக்கள வீராங்கனையின் மூன்று வயது மகன், அம்மா பந்தோடு ஓடுவதைப் பார்த்த மகிழ்ச்சியில் பக்கக்கோட்டைத் தாண்டி உள்ளே ஓடி வந்துவிட்டான். நடுவர் ஊதுகுழலை ஊதினார். அதைவிடச் சத்தமாக இரு அணிகளும் கத்தின. அன்றிலிருந்து குழந்தைகளுக்கு வேலிக்கு வெளியே தனிப் பாய், வரைவதற்குக் காகிதம், பொறுப்புக்கு ஒரு கல்லூரி மாணவி என்று ஏற்பாடு செய்கிறோம்.

என் இனத்தாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாஸ்டர்ஸ் அணிகளில் கோல்கீப்பர் கவசம் முழுதாக வைத்திருப்பவர்கள் குறைவு; கால் பேட், கிக்கர், கையுறை, மார்புக் கவசம், ஹெல்மெட் என்று ஒரு பெரிய பையை யார் சுமப்பது என்பதிலேயே பலர் பின்வாங்குகிறார்கள். ஆறு அணிகளுக்கு நான்கு செட் இருந்தால் சமாளிக்கலாம். ஒருவர் கழற்றிய ஈரமான கவசத்தை வெயிலில் காயவைத்து அடுத்தவருக்குக் கட்டிவிட வீராங்கனையின் கணவரைப் போடுங்கள். இரண்டே ஆட்டங்களில் பட்டைகள் எல்லாம் அவருக்கு மனப்பாடமாகிவிடும்.

பிசியோ

பதிவுப் படிவத்தில் வயதுச் சான்றுக்குக் கீழே நான்கு வரிகள் சேருங்கள்: இரத்த அழுத்தம் அல்லது சர்க்கரைக்கு மருந்து எடுத்துக்கொள்கிறாரா, இதற்கு முன் முழங்காலில் அறுவை நடந்திருக்கிறதா, ஓடும்போது மார்பில் வலியோ மயக்கமோ வந்ததுண்டா, அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும். மூன்றாவது கேள்விக்கு ஆம் என்றால், மருத்துவரைப் பார்த்த பிறகு ஆடட்டும். இந்தப் படிவங்கள் ஒரே ஒருவரின் கையில் இருக்க வேண்டும். குழு வாட்ஸ்அப்பில் படமெடுத்துப் போடக் கூடாது.

இந்த வயதில் அதிகம் பார்ப்பது கெண்டைக்கால், தொடையின் பின்தசை, குதிகால் தசைநார்க் காயங்கள். நீண்ட நாள் ஆடாமல் இருந்தவர்கள் பேருந்தைவிட்டு இறங்கியவுடன் பழைய நினைப்பில் முழுவேகம் எடுப்பதே பெரும்பாலும் காரணம். ஆட்டத்துக்கு 20 நிமிடம் முன்பே அணியைக் கோட்டுக்கு அழைத்து வருவதையும் ஒரு தன்னார்வலரின் வேலையாக எழுதிக்கொள்ளுங்கள்.

வாய்விட்டுச் சொல்லப்படாத ஒன்று உண்டு. குழந்தை பெற்ற பெண்களில் பலருக்கு வேகமாக ஓடும்போதும், குனிந்து பந்தை அடிக்கும்போதும் சிறுநீர் கசிவது உண்டு. அதற்காகவே ஆட வராமல் நின்றுவிட்டவர்களை எனக்குத் தெரியும். இடுப்புத்தளத் தசைப் பயிற்சியால் இதைப் பெரும்பாலும் குறைக்கலாம். நீங்கள் செய்யக்கூடியது எளிது: கழிவறைச் சாவியைக் காவலாளியிடம் விடாமல் ஒரு பெண் தன்னார்வலரிடம் கொடுங்கள், தண்ணீர் வருகிறதா என்று வேளைக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள், வெள்ளை நிறக் கீழாடை வேண்டாம் என்று அணிகளுக்கு எழுதுங்கள்.

வலது விங்

இரண்டு இடங்களில் மாறுபடுகிறேன். ஓய்வில் இருக்கும் அணியை மேசையில் உட்காரவைப்பது நல்ல யோசனைதான், ஆனால் அதே பிரிவின் ஆட்டத்துக்கு உட்காரவைத்தால் வம்பு. முதல் இரண்டு அணிகளின் முடிவைப் பொறுத்துத் தங்கள் வாய்ப்பு மாறும் என்னும்போது, மூன்றாம் அணிக்காரர் கடிகாரத்தைப் பிடித்திருந்தால் ஒவ்வொரு நொடியும் சந்தேகத்துக்கு உள்ளாகும். முதல் பிரிவின் ஓய்வு அணி இரண்டாம் பிரிவு ஆட்டத்துக்கும், அவர்கள் இவர்களுக்கும் என்று மாற்றிப் போடுங்கள். ஒரே மைதானம் என்பதால் ஆட்டங்கள் அடுத்தடுத்துத்தானே நடக்கப்போகின்றன.

இரண்டாவது, நடுவர்கள். ஆட வந்தவர்களையே ஊதவும் சொல்வது நட்பு ஆட்டத்துக்குப் பொருந்தும். கோப்பை இருக்கும் போட்டிக்குப் பொருந்தாது. வேளைக்கு இரண்டு ஆட்டம், ஆட்டத்துக்கு இரண்டு நடுவர் என்பதால், தகுதி பெற்ற நால்வரை, முடிந்தால் அவர்களில் இரண்டு பெண்களை, வெளியிலிருந்து அழையுங்கள். அவர்களுக்குப் பயணச் செலவும் ஊதியமும் கொடுத்துவிட வேண்டும். தண்ணீர் தெளிப்பான்களைத் திறந்து மூடும் மைதானப் பணியாளருக்கும் அப்படியே. அன்றாடப் பிழைப்பை விட்டுவிட்டு வருபவரைத் தன்னார்வலர் பட்டியலில் சேர்த்துச் சால்வை போர்த்துவது எனக்கு உடன்பாடில்லை.

மேசைக்காரர்

பிரிவு மாற்றி உட்காரவைப்பதைச் சொல்லாமல் விட்டது என் பிழை. அவர் சொல்வதுதான் சரி. இன்னொன்று, ஞாயிறு மாலை மேசைக்கு, வெளியேறிய அணிகளை நம்பாதீர்கள். தோற்றவர்கள் மதியப் பேருந்தைப் பிடித்துவிடுவார்கள். அந்த இரு ஆட்டங்களுக்கும் உங்கள் உடற்கல்வி ஆசிரியர்களே உட்காரட்டும்.

இடது பின்களம்

அனைவருக்கும் மிக்க நன்றி. நேற்று மாலை கூடிப் பேசினோம். தேதி பொங்கலுக்கு அடுத்த வாரத்துக்கு மாறிவிட்டது. அட்டவணையை அப்படியே எடுத்துக்கொண்டோம். நடுவர்களுக்கான பணத்தை உணவுச் செலவிலிருந்து பிடிக்காமல், நுழைவுக் கட்டணத்தில் சற்றுக் கூட்டியிருக்கிறோம். ஆசிரியர்களில் ஒருவர் தொலைபேசி வேலையைத் தொடங்கிவிட்டார், முதல் நாளிலேயே இரண்டு மாமியார்களிடம் பேசியிருக்கிறார். படிவங்களும் கழிவறைச் சாவியும் ஒரு மாணவியிடம், குழந்தைகள் இன்னொரு மாணவியிடம், மற்ற இருவரும் பந்தெடுக்கவும் அணிகளைக் கோட்டுக்கு அழைத்துவரவும்.

அட்டை நாற்காலிக்கு மட்டும் ஓய்வு அணியிடம் ஆள் கேட்கவில்லை. எட்டு ஆட்டங்களுக்கும் அந்த அக்காவே அங்கே உட்காரப்போகிறார். அவர் ஹாக்கி மட்டையைத் தொட்டவரில்லை, வீராங்கனைகளில் தங்கையைத் தவிர ஒருவரையும் தெரியாது. தங்கை உட்பட யார் கெஞ்சினாலும் ஐந்து நிமிடத்தை நான்கரை நிமிடமாக்க மாட்டார் என்று தங்கையே உறுதியளித்திருக்கிறார்.

ஒன்று மட்டும் குறைகிறது. கோலுக்கு அருகே எதிரணிக்குக் கிடைக்கும் தண்டனை அடியான பெனால்டி கார்னரைத் தடுக்கும் நான்கு களவீராங்கனைகளுக்கும் முகக்கவசம் வேண்டும். எங்களிடம் மூன்றுதான் இருக்கிறது. வரும் அணிகள் சிலவற்றிடம் அதுவும் இல்லையாம்.

பழைய கோல்கீப்பர்

எங்களிடம் ஆறு இருக்கின்றன. இரண்டுக்குப் பின்பட்டை அறுந்திருக்கிறது. தையற்கடையில் கொடுத்து வாங்கி, கோல்கீப்பர் பையிலேயே வைத்துக் கொண்டுவருகிறேன். அந்தப் பையைப் பேருந்து நிலையத்திலிருந்து தூக்க ஒருவரை மட்டும் அனுப்பிவையுங்கள்.